காசல்ரீயில் படியும் சேறு யார் கணக்கில்?

மாசி, பங்குனி மாதங்களில் காசல்ரீ பக்கம் போகிறவர்கள் தண்ணீருக்கும் தேயிலைக்கும் நடுவே வெடித்துக் கிடக்கும் மண்கரையைப் பார்த்திருப்பார்கள். மவுஸ்ஸாக்கலையில் தண்ணீர் இறங்கினால் பழைய மஸ்கெலியா நகரத்துக் கோயில் தலையைக் காட்டும். அதைப் பார்க்கவும் படம் எடுக்கவும் தூர இடங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். மழை வரவில்லை, அதனால் குளம் வற்றிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். வைகாசி, ஆனியில் மழை பிடித்ததும் குளம் நிரம்புகிறது, வான் பாய்கிறது, எல்லோரும் அதை மறந்துவிடுகிறோம்.

மேலே தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்குத் தெரிகிறது. அடியில் சேறு ஏறுவது தெரிவதில்லை. மழைக்கு ஏறிய தண்ணீர் வெயிலுக்கு இறங்கிவிடும். ஏறிய சேறு இறங்காது. நமது மலைகளுக்கு நடுவே இருக்கும் இந்த நீர்த்தேக்கங்கள் வருடா வருடம் அடியிலிருந்து சுருங்குகின்றன. அதே நேரத்தில் ஊர்க் கழிவும் அவற்றில் வந்து சேருகிறது. இதைச் சூழல்காரர்களின் பிரச்சினை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. இது நமது சம்பளத்தோடும், குடிதண்ணீரோடும், லயத்தோடும் சேர்ந்த பிரச்சினை. தொழிற்சங்கம் எடுத்துப் பேச வேண்டிய பிரச்சினை.

முதலில் இந்தக் குளங்கள் எப்படி வந்தன என்பதை நினைத்துப் பார்ப்போம். மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எழுதிக் காட்டினார். அது நடைமுறைக்கு வர முப்பது வருடங்களுக்கு மேல் ஆயின. 1950இல் பழைய லக்ஸபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது. 1960களில் கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ அணையும், மஸ்கெலி ஓயாவை மறித்து மவுஸ்ஸாக்கலை அணையும் எழுந்தன. தேயிலை மலைகள் தண்ணீருக்குள் போயின. பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. நமது பாட்டன் பாட்டிமார் கொழுந்து எடுத்த மலையும், கும்பிட்ட கோயிலும் இன்று அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன.

அணைகள் எழுந்த அந்தப் பத்தாண்டில்தான், 1964இல், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று நம்மைத் தலை எண்ணிப் பிரித்தார்கள். நமது மலையையும் தண்ணீரையும் எடுத்து நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்த காலத்தில், நமக்கு இந்த நாட்டில் இடம் உண்டா இல்லையா என்பதே தீரவில்லை. அந்த மின்சாரம் லயக் காம்பராக்களுக்கு வந்து சேர இன்னும் பல பத்தாண்டுகள் எடுத்தன.

அந்தத் தண்ணீர் சாதாரணத் தண்ணீர் அல்ல. காசல்ரீயிலிருந்து இறங்கும் நீர் விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. அடுத்துப் பழைய லக்ஸபானவைச் சுழற்றுகிறது. பிறகு பொல்பிட்டியவைச் சுழற்றுகிறது. மவுஸ்ஸாக்கலை நீரும் அப்படித்தான்: கெனியோன், புதிய லக்ஸபான, அதன் பின் பொல்பிட்டிய. ஒரே நீர் மூன்று இடத்தில் வேலை செய்கிறது. மூன்று தடவை வேலை செய்த பிறகு களனி கங்கையாக ஓடுகிறது. அம்பத்தலேயில் அதைச் சுத்திகரித்துக் கொழும்பு குடிக்கிறது. பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் பெய்த மழைதான் தலைநகரத்தின் குழாயில் வருகிறது. ஆகவே இங்கே மேலே ஒரு கான் அடைபட்டால் அது ஒரு தோட்டத்துச் சங்கதியோடு நிற்பதில்லை.

சேறு எங்கிருந்து வருகிறது? இதைக் கண்டுபிடிக்க வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை. மழை நாளில் மலையில் நிற்கிறவர்கள் அதைக் கண்ணால் பார்க்கிறார்கள்.

ஒரு காலத்தில் கான் வெட்டுவது தோட்டத்தில் முறையான வேலை. சரிவுக்குக் குறுக்கே கான் இருக்கும். அதில் இடைக்கிடை குழி இருக்கும். மழைத்தண்ணீர் அந்தக் குழியில் தங்கி மண்ணைக் கீழே விட்டுவிட்டுப் போகும். அடுத்த வெயிலில் குழியில் தங்கிய மண்ணை அள்ளித் தேயிலைத் தூரில் போடுவார்கள். கல்லுக்கட்டு சரிந்தால் திருப்பிக் கட்டுவார்கள். முள்ளுக்குத்தி மண்ணை இளக்குவார்கள். கவ்வாத்து வெட்டிய மிலாரை அந்த இடத்திலேயே பரப்பி மண்ணை மூடுவார்கள். இவையெல்லாம் ஆள் பிடிக்கும் வேலைகள். கொழுந்துக்குத் தவிர வேறு எதற்கும் பேர் போட மனம் வராத தோட்டங்களில் இந்த வேலைகள்தான் முதலில் குறைந்தன. கான் தூர்ந்தது. தூர்ந்த கானில் தண்ணீர் நிற்காது. அது நேரே மலையை அறுத்துக்கொண்டு இறங்கும்.

புல்லுவெட்டு குறைந்து மருந்தடிப்பு கூடியது இன்னொரு காரணம். கையால் புல் எடுத்தால் நல்ல பூண்டை விட்டுக் கெட்டதை மட்டும் பிடுங்கலாம். மருந்து எல்லாவற்றையும் கருக்கிவிடும். தேயிலை நெருக்கமாக இருந்தால் அதன் நிழலே மண்ணைக் காப்பாற்றும். ஆனால் செத்த செடிக்குப் பதில் செடி வைக்காத மலைகளில் வெற்றிடம் வெற்றிடமாகக் கிடக்கிறது. அந்த வெற்றிடத்தில் மருந்தடித்தால் மழைக்கு மண் திறந்தபடி நிற்கும். கிளைபோசேட் 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப அனுமதிக்கப்பட்டது. தடை இருந்த காலத்திலும் சரி, எடுத்த பிறகும் சரி, நடந்த வாக்குவாதம் முழுவதும் எந்த மருந்து அடிப்பது என்பதைப் பற்றியே இருந்தது. புல்லுவெட்டுக்கு எத்தனை ஆள் போடுவது என்று யாரும் கேட்கவில்லை.

கடந்த நூறு ஆண்டுகளில் மலைநாட்டுத் தேயிலை நிலம் சுமார் 30 சென்டிமீட்டர் மேல்மண்ணை இழந்துவிட்டது என்று மண் ஆய்வாளர்கள் 1980களில் கணக்கிட்டார்கள். முப்பது சென்டிமீட்டர் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளையின் அடிமட்டத்தின் நீளம். செடிக்குச் சாப்பாடு இருப்பது அந்த மேல்மண்ணில்தான்.

இனி அழுக்கின் கதை. மண் தனியாக இறங்குவதில்லை. நாம் சாக்குச் சாக்காகத் தூவும் உரத்தின் ஒரு பகுதி மண்ணில் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே இறங்குகிறது. ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை என்று ஆற்றங்கரை நகரங்களின் கழிவுநீரும் கடைக் குப்பையும் ஓயாவில் சேர்கின்றன. நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலைக்கு யாத்திரைக்காலத்தில் ஏறி இறங்கும் கூட்டம் விட்டுப்போகும் பிளாஸ்டிக் மஸ்கெலி ஓயாவில் இறங்குகிறது. ஓடைக்கரையை ஒட்டி மரக்கறித் தோட்டம் போடுகிறவர்களும் உண்டு. குழி நிரம்பி வழியும் லயத்து மலசலகூடங்களும் உண்டு.

உரமும் மலக்கழிவும் சேர்ந்த தண்ணீர் பாசிக்குப் பால் சோறு. வெயில் காலத்தில் தண்ணீர் குறைந்து, ஓட்டம் நின்று, சூடு ஏறியதும் பச்சைப் பாசி பெருகும். 1991இல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் இப்படி நீலப்பச்சைப் பாசி திரண்டு படர்ந்தது பதிவில் இருக்கிறது. இந்தப் பாசியில் சில வகை ஈரலைத் தாக்கும் நஞ்சை விடக்கூடியவை. அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. இதை நமது வீட்டுப் பெண்கள் அறிந்திருக்க வேண்டும். பாசி படர்ந்து நாறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் சரி என்று நினைக்கக் கூடாது. பிள்ளைகளை அதில் குளிக்க விடவும் கூடாது. பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் உள்ள காற்றை உறிஞ்சிவிடும். அப்போது மீன் சாகும். குளத்தில் வலை போட்டுப் பிழைக்கும் குடும்பங்களின் அடுப்பு அன்றோடு அணையும்.

இதற்கெல்லாம் விலை கொடுப்பது யார் என்று பார்ப்போம்.

மின்கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். குளத்தில் சேறு ஏறினால் மழை காலத்துத் தண்ணீரைச் சேமிக்க இடம் இல்லை. வந்த தண்ணீர் வான் பாய்ந்து வீணாகப் போகும், வெயில் காலத்துக்கு மிச்சம் இருக்காது. தண்ணீர் இல்லாத நேரத்தில் எண்ணெயும் நிலக்கரியும் எரிக்க வேண்டும். 2022இல் எரிபொருளும் இல்லாமல், நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் குறைந்து, நாடு ஒரு நாளில் 13 மணிநேரம் வரை இருட்டில் கிடந்ததை மறந்திருக்க மாட்டோம். அந்த வருடம் ஆவணியில் மின்கட்டணம் 75 வீதமும், 2023 மாசியில் இன்னும் 66 வீதமும் ஏறியது. அந்த உயர்வுக்குப் பல காரணங்கள் உண்டு. அதற்குச் சேறு மட்டும் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மலிவான மின்சாரம் தரும் குளங்களைச் சேற்றால் நிரப்பிக்கொண்டு போகிற நாடு, அந்த நிலைக்குத் திரும்பத் திரும்பப் போய் விழும்.

அடுத்தது வெள்ளம். வயிறு சுருங்கிய குளம் சின்ன மழைக்கும் நிரம்பும். கீழே ஆற்றங்கரையில் இருக்கும் லயங்களுக்கும் வீடுகளுக்கும் நடு இரவில் எச்சரிக்கை வரும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடுவது நாம்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே சம்பளம். மேல்மண் போன மலையில் கொழுந்து ஏறாது. கொழுந்து ஏறாத மலையில் நின்றுகொண்டு நிர்ணயித்த கிலோவை எடு என்றால் ஒரு பெண் எங்கே போவாள்? எடை குறைந்தால் அரைப்பேர். மேலதிகக் கிலோவுக்குக் காசு என்ற பேச்சும் வெறும் பேச்சாகிவிடும். 2021இல் இரசாயன உரத் தடை வந்த பிறகு என்ன நடந்தது? 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோவாக இறங்கியது. மண்ணுக்குச் சொந்தச் சத்து இல்லாததால்தான் உரம் நின்ற உடனே விளைச்சல் அப்படி விழுந்தது. பிறகு உரம் வந்தது, எட்டாத விலையில் வந்தது. அந்த விலை கொடுத்து வாங்கிய உரத்தையும் தூர்ந்த கான்கள் வழியாகக் குளத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். சம்பளப் பேச்சுவார்த்தை வரும்போது கம்பனிகள் உற்பத்தித்திறன் குறைவு என்கின்றன. உற்பத்தித்திறன் காசல்ரீயின் அடியில் கிடக்கிறது என்று நாம் பதில் சொல்ல வேண்டும்.

இவ்வளவு நடந்த பிறகும் பழி வந்து விழுவது லயத்தின் மேல்தான். தோட்டத்து ஆட்கள்தான் குளத்தை அசிங்கப்படுத்துகிறார்கள், அவர்களுக்குச் சுகாதாரம் தெரியாது என்று மேடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் கேட்பது இதுதான். ஒரு தொழிலாளி தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு மலசலகூடக் குழி வெட்ட நினைத்தால் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? அந்த நிலம் அவன் பெயரில் இருக்கிறதா? நூறு வருடத்துக்கு முன்பு கட்டிய லயத்துக்கு எத்தனை குடும்பத்துக்கு எத்தனை மலசலகூடம் என்று யார் கணக்குப் பார்த்தார்கள்? குப்பை வண்டி எந்த டிவிசனுக்கு ஒழுங்காக வருகிறது? ஓடைக்கரையில் மரக்கறி போடுகிறவன் ஏன் போடுகிறான்? சம்பளம் மாத முடிவு வரை வராததால் போடுகிறான், வேறு துண்டு நிலம் கிடையாததால் அங்கே போடுகிறான். நிலமும் இல்லை, உரிமையும் இல்லை, பழி மட்டும் உண்டு என்றால் அதை நாம் ஏற்க முடியாது.

செலவு தாங்காது என்று கம்பனிகள் சொல்லும். தேயிலை விலை இறங்குகிற காலத்தில் அவர்களுக்கும் நெருக்கடி இருப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கான் வெட்டாமல் விட்டதால் செலவு மிஞ்சிவிடவில்லை. அது கம்பனியின் கணக்கிலிருந்து நாட்டின் கணக்குக்கும் நமது கணக்குக்கும் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். குளத்தைத் தூர்வாரினால் போதாதா என்றும் சிலர் கேட்பார்கள். நுவரெலியாவில் ஆளுநர் கிரகரி காலத்தில், 1870களில், அமைத்த கிரகரி வாவியைப் பாருங்கள். அதைத் தூர்வாரினார்கள். மேலே மரக்கறி நிலத்து மண்ணும் நகரத்துக் கழிவும் வருகிற வழி அடைபடாததால் சேறு திரும்பவும் வந்து சேர்ந்தது. மேலே ஓட்டையை அடைக்காமல் கீழே வாளி வைப்பது போன்ற வேலை அது. காசல்ரீ போன்ற ஆழமான நீர்த்தேக்கத்தில் சேறு எடுப்பது அதைவிடப் பெரிய செலவு. எடுத்த சேற்றைக் கொட்ட இந்த மலைகளில் இடம் எங்கே?

சட்டம் இல்லாமலும் இல்லை. 1951ஆம் ஆண்டிலேயே மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. மண் அரிக்கும் பிரதேசங்களைப் பிரகடனப்படுத்தி, நிலத்தை வைத்திருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று கட்டளையிட அதில் வழி இருக்கிறது. சட்டத்தை எழுதி எழுபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. மலையில் அதை நடைமுறைப்படுத்தும் கை இல்லை. அந்தக் கையாக இருக்கக்கூடியவர்கள் நாம்தான்.

ஆகவே நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை:

ஒன்று. கான் வெட்டு, கல்லுக்கட்டு, முள்ளுக்குத்து, வெற்றிடத்துக்குக் கன்று வைத்தல் ஆகியவை வருடம் முழுவதும் நடக்கும் வேலையாக வேண்டும். அதற்கு முழுப்பேர் போட வேண்டும். கொழுந்து குறைந்த மாதங்களில் வேலை நாள் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பும் தோட்டங்கள் அந்த நாட்களை இந்த வேலைக்குக் கொடுக்கட்டும். இதனால் மண்ணும் நிற்கும், செக்ரோலில் நமது நாட்களும் நிற்கும்.

இரண்டு. ஓடைக்கும் குளத்துக்கும் இரு பக்கமும் மருந்தும் உரமும் படாத கரைப்பட்டி விட்டு, அதில் மூங்கிலும் மரமும் வைக்க வேண்டும். அங்கே மரக்கறி போட்டுப் பிழைப்பவர்களை வெறுங்கையோடு விரட்டக் கூடாது. தோட்டத்தில் சும்மா மானாப்புல் பிடித்துக் கிடக்கும் நிலத்தில் மாற்றிடம் கொடுத்த பிறகே கரையை எடுக்க வேண்டும்.

மூன்று. நீர்த்தேக்கங்களைச் சுற்றியுள்ள எல்லா லயங்களுக்கும் குடும்பத்துக்கு ஒரு மலசலகூடமும் ஒழுங்கான குழியும் முதலில் வர வேண்டும். காணி உறுதியோடு தனி வீடு என்ற நமது பழைய கோரிக்கையும் குளத்தைக் காக்கும் வழிதான். தன் பெயரில் உள்ள நிலத்தில் யாரும் குழி நிரம்பி வழிய விடமாட்டார்கள்.

நான்கு. இந்தத் தண்ணீரில் ஓடும் மின்சாரத்தின் வருமானத்தில் ஒரு சிறு பங்கு நீர்பிடிப்பு மலைகளைப் பராமரிக்கும் நிதியாக வர வேண்டும். மூன்று மின்நிலையங்களைச் சுழற்றும் நீருக்கு, அது பிறக்கும் மலையைக் காக்கக் கூலி கொடுப்பது நியாயம். அந்த நிதியை நடத்தும் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அதில் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஐந்து. குளத்துத் தண்ணீரையும் நாம் குடிக்கும் பீலித் தண்ணீரையும் காலத்துக்குக் காலம் பரிசோதித்து, முடிவைத் தமிழில் எழுதி, பெரட்டுக் களத்தில் ஒட்ட வேண்டும்.

கோரிக்கை வைத்துவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது என்பது நமது அனுபவம். ஒவ்வொரு தோட்டத்திலும் தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிமாரும் அடுத்த பெரிய மழைக்கு முன் ஒரு நாள் மலை சுற்றி வாருங்கள். எந்த நம்பர் மலையில் கான் தூர்ந்திருக்கிறது, எங்கே கல்லுக்கட்டு சரிந்திருக்கிறது, எந்த லயத்தில் குழி வழிகிறது, எந்தப் பாலத்தடியில் குப்பை கொட்டுகிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். படித்த பிள்ளைகளைக் கூட அழைத்துப் போங்கள். அந்தக் கொப்பியின் ஒரு பிரதியைத் தோட்ட நிர்வாகத்துக்கும், ஒன்றைப் பிரதேச செயலகத்துக்கும், ஒன்றைச் சங்கக் காரியாலயத்துக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். எல்லாத் தோட்டத்துக் கொப்பிகளும் சேர்ந்தால், அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் வைக்க நம்மிடம் ஒரு கணக்கு இருக்கும்.

நூறு வருடங்களுக்கு மேலாக இந்த மலைகளில் கொழுந்துக்கு நிறுவை உண்டு. குளத்துக்குள் போன மண்ணை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. அந்த நிறுவையை நாமே தொடங்குவோம்.